பல்லைப் பார்த்துக் கொள்கை பிடி

பேராண்டி, உக்காரு. சித்த நேரம் அந்த செல்லக் கவுத்து வெச்சிட்டு நான் சொல்றதக் கேளு.

நீ மெட்ராசுல என்ன படிக்கறேன்னு ஊருக்குள்ள கேக்கறாங்க. விஞ்ஞானிங்க எப்படி ரோசன பண்றாங்கன்னு ஆராயற படிப்புன்னு சொன்னேன். "அப்ப விஞ்ஞானம் படிக்கல, விஞ்ஞானம் படிக்கறவங்கள ஒளிஞ்சிருந்து பாக்கறானா?"ன்னு டீக்கடையில ஒருத்தன் கேட்டான். ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். வெளக்கம் வேணும்னா நீயே போயி குடுத்துக்க. அப்படியே என் டீக்கடன் பாக்கியும் குடுத்துட்டு வா.

பொங்கலுக்கு வந்தப்ப ஒரு கேள்வியத் தூக்கி என் மேல போட்ட. ஒரு சங்கதிக்கு ரெண்டு கொள்கை இருக்குது, கண்ணுல பட்டத ரெண்டுமே வெளக்குது, அப்ப விஞ்ஞானி எத எடுப்பான், எதத் தள்ளுவான்னு கேட்ட. கேட்ட தோரணையில பதில நீயே மடியில கட்டி வெச்சிருக்கறது தெரிஞ்சுது. அவுத்துக் கொட்டி முடிக்கட்டும்னு சும்மா இருந்தேன். இப்ப என் முறை.

மொதல்ல குறுக்கு வழியச் சொல்லிடறேன். உன் கைடு எந்தக் கொள்கையப் புடிச்சிருக்காரோ அதையே நீயும் புடி. அவரு மாத்துனா அதே நிமிசம் நீயும் மாத்து. இதுல நட்டமே கெடையாது. இந்த வழியில போகாம கெட்ட ஆளு ஒருத்தரு உண்டு. மெட்ராசு பிரசிடென்சி காலேஜுல படிச்சிட்டு இங்கிலாந்து போன சந்திரசேகர். வெள்ளைக் குள்ளன்னு ஒரு வகை நட்சத்திரமாம். அதோட கனம் சூரியன் கனத்தப் போல 1.4 மடங்கத் தாண்டுனா அது அப்படியே நிக்க முடியாதுன்னு கணக்குப் போட்டாரு. 1935 ஜனவரியில லண்டன்ல ராயல் வானியல் கழகக் கூட்டத்துல அதச் சொன்னாரு. அங்க எடிங்டன்னு பெரிய மனுசன். எழுந்து, ஒரு நட்சத்திரம் இப்படிக் கிறுக்குத்தனமா நடந்துக்காம இருக்க இயற்கையிலயே ஒரு சட்டம் இருக்கணும்னு நக்கல் பண்ணாரு. பெரிய மனுசன் சிரிச்சா சபையும் சிரிக்கும். அந்தச் சந்திரசேகருக்கு 1983ல நோபல் பரிசு குடுத்தாங்க. நடுவுல 48 வருசம். கைடு பேச்சக் கேட்டு நடந்தா உனக்கு அந்த 48 வருசமும் மிச்சம், பாத்துக்க.

நட்சத்திரம் தூரத்துல இருக்குது. கிட்டத்துல இருக்கறது என் பல்லு. நல்லா பாரு, கூச்சப்படாத. நடுவுல பழுப்புக் கோடு, ஓரத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. தர்மபுரி ஜில்லாவுல என் வயசுக்காரன் வாயத் தொறந்தா பாதிப் பேருக்கு ஊரு விலாசம் பல்லுலயே எழுதியிருக்கும். நீ படிக்கற படிப்புக்கு இந்தப் பல்லவிட நல்ல பாடம் எங்க கெடைக்கும்? ஒரே கறைக்கு எத்தன கொள்கை தெரியுமா!

பள்ளிக்கூடத்து வாத்தியாரு சொன்னது, பல்லு வெளக்காத பயலுகன்னு. வைத்தியரு சொன்னது, உடம்புச் சூடுன்னு. வெத்தலை பாக்குன்னு சிலரு, டீத்தண்ணின்னு சிலரு, போன பொறப்பு பாவம்னு சிலரு. கொஞ்சம் புத்திசாலியா இருந்தவங்க சொன்னது பரம்பரைன்னு. பாட்டனுக்கு இருக்குது, அப்பனுக்கு இருக்குது, மவனுக்கும் இருக்குது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேட்டாங்க.

இன்னும் கொஞ்சம் பேரு மெதுவா, தண்ணியா இருக்குமோன்னாங்க. அவங்களும் அதே சாட்சியத்தான் காட்டுனாங்க. பாட்டனும் அப்பனும் மவனும் ஒரே கெணத்துலதான குடிச்சாங்க?

இப்ப சொல்லு. சாட்சி ஒண்ணு, கொள்கை ரெண்டு. உன் பொஸ்தகத்துல இதுக்கு நீட்டமா ஒரு பேரு வெச்சிருக்காங்க, நீ வாசிச்சப்பவே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. எந்தப் பேரு வெச்சாலும், இந்த முடிச்ச எங்க ஊருல அவுத்தது யாரு தெரியுமா? கல்யாணத் தரகருங்க! நெசமாத்தான் சொல்றேன். வெளியூருலருந்து பதினெட்டு இருபது வயசுல வாக்கப்பட்டு வந்த மருமவளுக்குப் பல்லு கடைசி வரைக்கும் வெள்ளையாவே இருந்துச்சு. அவ பெத்ததுங்களுக்கெல்லாம் கறை. இங்கருந்து கட்டிக் குடுத்த பொண்ணு தன் கறைப் பல்லோட போனா, அங்க அவ பெத்ததுங்களுக்கு முத்து மாதிரி பல்லு. பரம்பரைன்னா, கறையும் பொண்ணோட தாலி கட்டிப் போயிருக்கணுமில்ல? அது போகல, கெணத்தடியிலயே நின்னுபோச்சு. பொண்ணு பாக்க வர்றவன் பல்லப் பாத்து ஊரத் தள்ளி வெச்சான் பாரு, அவன் தண்ணிக் கொள்கைக்காரன். தனக்கே தெரியாம விஞ்ஞானி ஆயிட்டான்.

இதே கதை அமெரிக்காவுலயும் நடந்துது. 1901ல பிரெடரிக் மெக்கேன்னு ஒரு சின்ன வயசுப் பல் டாக்டரு கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதுசா போயி கடை போட்டாரு. அங்க பொறந்து வளந்தவங்களுக்கெல்லாம் பல்லுல பழுப்புக் கறை. காரணம் கேட்டா ஊருக்காரங்க சொன்னது என்னங்கற? பன்னிக்கறி சாஸ்தியா தின்னதுன்னு ஒருத்தன், பால் சரியில்லன்னு ஒருத்தன், தண்ணியில சுண்ணாம்பு சாஸ்தின்னு ஒருத்தன். வெள்ளக்காரன் ஊரா இருந்தா என்ன, டீக்கடை எல்லா ஊருலயும் ஒண்ணுதான். 1909ல ஜி.வி. பிளாக்னு பல் வைத்தியத்துல அன்னிக்குப் பெரிய பேரு, அவரே அங்க வந்து மெக்கேயோட சேந்து பாத்தாரு. எங்க தரகருங்க கண்டதையேதான் அவங்களும் கண்டாங்க. வெளியூருலருந்து பெரியவனான பிறகு வந்தவனுக்குக் கறை இல்ல. பல்லு உள்ளுக்குள்ள உருவாகற வயசுல அந்த ஊருத் தண்ணியக் குடிச்சவனுக்கு மட்டுந்தான். இன்னொண்ணு அவங்களுக்குப் புரியவே இல்ல. கறைப் பல்லு அவ்வளவு சீக்கிரம் சொத்தையாகல.

தண்ணிதான்னு மெக்கேக்கு மனசுல பட்டுடுச்சு. தண்ணியச் சோதிக்கக் குடுத்தாரு. ஒண்ணுமே இல்லன்னு எழுதி வந்துடுச்சு. திரும்பக் குடுத்தாரு. அப்பவும் ஒண்ணுமே இல்ல.

இந்த எடத்துல உங்க பெரியவங்கள ஒவ்வொருத்தரா கூப்புடு பாக்கலாம். கார்ல் பாப்பரு 1934ல வியன்னாவுல பொஸ்தகம் போட்டாரு இல்ல? கொள்கைன்னா அது தப்பாப் போறதுக்கு வழி தொறந்து வெக்கணும், சோதனையில தோத்தா விட்டுடணும்னு சொல்றவரு. அத எழுத்துக்கு எழுத்துக் கேட்டிருந்தா மெக்கே என்ன பண்ணியிருக்கணும்? கடையச் சாத்திட்டு, பல்லு வெளக்காத பயலுகன்னு வாத்தியாரு கட்சியில சேந்திருக்கணும். நல்லவேளை, மெக்கே பாப்பருக்கு முந்திப் பொறந்துட்டாரு. அவரு கட்சிக்கு வக்காலத்து வாங்க பிரெஞ்சுக்காரரு பியர் டூயெம் இருக்காரு. 1906லயே சொல்லிட்டாரு: சோதனை தோத்துப்போனா கொள்கை மட்டுந்தான் தப்புன்னு எப்படிச் சொல்லுவ, அதோட கட்டி வெச்சிருக்கற மூட்டை முழுக்கச் சந்தேகந்தானன்னு. தண்ணிக் கொள்கை தப்பா இருக்கலாம். இல்ல, சோதிச்சவன் எதத் தேடுறதுன்னே தெரியாம சோதிச்சிருக்கலாம். உப்பு, சுண்ணாம்பு, இரும்புன்னு தேடுனவன் அத மட்டுந்தான் கண்டான். தேடாதது அதுக்குள்ளயே கெடந்துது.

ஆனா பேராண்டி, டூயெம் பேச்சையும் முழுசா நம்பிடாத. அந்தச் சாக்க எல்லாருமே சொல்லலாம். பாவக் கொள்கைக்காரன்கூட, பாவத்த அளக்கற மிசினு இன்னும் வரலன்னு சொல்லிட்டுப் போவான். அப்ப மெக்கேக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? சொல்றேன். நெஞ்சத் தொட்டுக் கேட்டுக்க, இதுதான் நான் உனக்குக் குடுக்கற சீதனம்.

1923ல ஐடஹோ மாகாணத்துல ஓக்லின்னு ஒரு சின்ன ஊருக்கு மெக்கேயக் கூப்புட்டாங்க. கொஞ்ச வருசமாத்தான் புள்ளைங்க பல்லுல கறை வருதுன்னு தாய்மாருங்க சொன்னாங்க. எப்பலருந்துன்னு கேட்டாரு. அஞ்சு மைலு தூரத்துல இருக்கற வெந்நீர் ஊத்துலருந்து ஊருக்குக் கொழா போட்ட பிறகுன்னாங்க. அந்தத் தண்ணியச் சோதிச்சாரு. வழக்கம்போல ஒண்ணும் இல்ல! இருந்தாலும், அந்தக் கொழாய விட்டுடுங்க, வேற ஊத்துத் தண்ணிக்கு மாறுங்கன்னாரு. மாறுனாங்க. கொஞ்ச வருசத்துல அடுத்து மொளச்ச புள்ளைங்க பல்லு சுத்தமா வந்துது.

என்ன நடந்துதுன்னு பாரு. தண்ணியில என்ன இருக்குதுன்னு அவருக்குத் தெரியாது. அது எப்படிப் பல்லக் கெடுக்குதுன்னும் தெரியாது. சோதனைச்சாலை அவரு பக்கம் இல்ல. ஆனா இத மாத்து, இன்ன புள்ளைங்களுக்கு, இன்ன பல்லு, இன்ன மாதிரி வரும்னு முன்கூட்டியே சொன்னாரு. வரலன்னா ஊரே காறித் துப்பியிருக்கும். பாவக் கொள்கைக்காரன் என்னிக்காச்சும் இப்படித் தலையக் குடுத்திருக்கானா? கேட்டுச் சொல்லு.

சரி, நீ வாசிச்சுக் காட்டுன தாமஸ் கூனுக்கு வருவோம். எங்க ஊருல கூனுன்னா வேற, அதுக்கும் அப்புறம் வர்றேன். விஞ்ஞானி கட்சி மாறறத இவரு கும்பல் மனசுன்னு ஆக்கிட்டாருன்னு ஆளாளுக்குத் திட்டுனாங்களாம். அதுக்குப் பதிலா 1973ல ஒரு பேச்சு பேசுனாரு. நல்ல கொள்கைக்கு அஞ்சு குணம்: துல்லியமா இருக்கணும், முரண்பாடு இல்லாம இருக்கணும், ஒண்ணுக்குச் சொன்னது பத்துக்குப் பொருந்தணும், எளிமையா இருக்கணும், புதுசு புதுசா வெளைச்சல் குடுக்கணும். அஞ்சையும் எல்லாரும் ஒத்துக்கறாங்க, ஆனா எதுக்கு எவ்வளவு மதிப்புங்கறதுல ஒத்துப்போறதில்லன்னு அவரு வாதம்.

இதுக்கு நீ அத்தன பக்கம் வாசிச்சிருக்க வேணாம். செவ்வாக்கெழம காரிமங்கலம் சந்தைக்கு என்னோட வந்திருந்தா போதும். பல்லு எத்தன விழுந்துது, சுழி எங்க இருக்குது, திமிலு, நடை, கொம்பு, இதெல்லாந்தான் பாக்கணும்னு அங்க வர்ற அத்தன பேருக்கும் தெரியும். ஒருத்தன் சுழி சரியில்லன்னா நடைய ஏறெடுத்தும் பாக்க மாட்டான். இன்னொருத்தனுக்கு நடைதான் எல்லாம். ஒரே கணக்க வெச்சிக்கிட்டு ஆளுக்கொரு மாட்ட ஓட்டிட்டுப் போறாங்க. அதுக்காக அங்க வியாபாரமே நடக்கல, எல்லாம் மனம்போன போக்குன்னு சொல்லிடுவியா? நொண்டி மாட்ட எவனும் வாங்கறதில்லயே.

கூன் சொன்ன அஞ்சயும் பல்லுக்குப் போட்டுப் பாரு, வேடிக்கை தெரியும். 1920ல எளிமைன்னு பாத்தா பல்லு வெளக்காத கொள்கைதான் ஜெயிக்கும். அதவிட எளிமை எது? துல்லியம்னு பாத்தா தண்ணிக் கொள்கை தோக்கும், சோதனைச் சீட்டு எதிரா இருக்குது. பொருத்தம்னு பாத்தா தண்ணிக் கொள்கை கொஞ்சம் மேல. வெளைச்சல் எதுல வரும்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. அதனால அன்னிக்கு மெக்கேய நம்பாத டாக்டரு முட்டாளு இல்ல. இத உன் ஆய்வுல எழுது. ஜெயிச்சவன் பக்கம் நின்னுக்கிட்டு தோத்தவனக் கேலி பண்றது ரொம்ப சுலபம், அதுக்குப் பட்டம் வேணாம்.

கூன் கணக்குல இல்லாத ஒண்ணும் உண்டு, அத நான் சேத்துக்கறேன். எந்தக் கொள்கைய எடுத்தா யாரு மடியிலருந்து காசு போகும்னு பாக்கறது. பல்லு வெளக்காததுதான் காரணம்னா சர்க்காருக்குச் செலவு ஒரு அறிவுரை. பாவம்னா அந்த அறிவுரைச் செலவும் மிச்சம், உண்டியலுக்கு வரவு. பரம்பரைன்னா யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். தண்ணிதான்னு ஒத்துக்கிட்டா மலையக் கொடஞ்சு கொழா போடணும். எந்தக் கொள்கை ரொம்ப நாளு ஓடும்னு நீயே சொல்லு.

ஆனா காசு எப்பவும் பொய்யி பக்கந்தான் நிக்கும்னு நெனச்சிடாத. அதுக்கும் கதை இருக்குது. ஆர்கன்சாவுல பாக்சைட்னு ஊரு, அலுமினியக் கம்பெனிக்காரன் கட்டுன ஊரு. அங்கயும் புள்ளைங்களுக்குக் கறைப் பல்லு. அதே சமயம், அலுமினியச் சட்டியில சமைச்சா வெசம்னு வெளிய ஒரு கூட்டம் கத்திக்கிட்டு இருந்துது. பல்லு சேதி பரவுனா சட்டி விக்காதுன்னு கம்பெனியோட பெரிய ரசாயனக்காரரு சர்ச்சிலுக்குக் கவலை. இவரு எச்.வி. சர்ச்சில், சுருட்டுக்காரரு இல்ல. 1931ல, அதுவரைக்கும் யாரும் தேடாத முறையில, ஒளியப் பிரிச்சுப் பாக்கற கருவியில தண்ணிய வெச்சாரு. ஃப்ளோரைடு! லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். நம்பாம, தண்ணி எடுத்ததுல ஏதோ கலந்துபோச்சு, வேற தண்ணி கொண்டான்னு சத்தம் போட்டாராம். வேற தண்ணியிலயும் அதேதான். சட்டியக் காப்பாத்தப் போனவன் பல்லோட காரணத்தக் கண்டுபுடிச்சான்.

அதே 1931ல அரிசோனாவுல மார்கரெட் ஸ்மித்துங்கற அம்மாவும் கூட இருந்தவங்களும் கறைப்பல்லு ஊருத் தண்ணியச் சுண்டவெச்சு எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க. எலிப் பல்லும் கறையாச்சு. எலி வெத்தலையும் போடல, போன பொறப்புல பாவமும் பண்ணல. ஒருத்தன் ஒளிக்கருவி வழியா வர்றான், ஒருத்தி எலி வழியா வர்றா, ரெண்டு பேரும் ஒரே வாசல்ல வந்து நிக்கறாங்க. பேராண்டி, உன்ன மாதிரி ஆளுங்க சந்தேகப்படறத நிறுத்த வேண்டிய எடம் ஒண்ணு உண்டுன்னா அது இதுதான்.

அதுக்கப்புறம் இந்த ஃப்ளோரைடு சங்கதி நம்ம பக்கம் வந்துது. மெட்ராஸ் மாகாணத்துல அப்ப நெல்லூரு ஜில்லாவுல மாட்டுக்கும் மனுசனுக்கும் எலும்பே கட்டையா போகுதுன்னு சேதி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுலருந்து ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூணு பேரும் போயி பாத்து 1937ல எழுதுனாங்க. வருசக்கணக்கா அந்தத் தண்ணியக் குடிச்சவங்களுக்கு முதுகெலும்பு ஒட்டி ஒரே கழியா ஆயிடுது, குனிய முடியல, திரும்ப முடியல. பல்லோட நின்னுபோச்சுன்னு நெனச்ச சங்கதி எலும்பு வரைக்கும் எறங்கிடுச்சு. எங்க ஊருல இதுக்கு வாதம்னு பேரு வெச்சு எண்ணெய் தேச்சிக்கிட்டு இருந்தாங்க. முன்ன சொன்ன வெள்ளைப்பல்லு மருமவ இருக்காளே, முப்பது வருசம் கழிச்சு அவளுக்கும் இடுப்புப் புடிச்சுக்கிச்சு. பல்லு வெளக்காத கொள்கை இடுப்புக்கு என்ன பதில் சொல்லும்? இடுப்ப எதுல வெளக்கறது? கூன் சொன்னாரே ஒண்ணுக்குச் சொன்னது பத்துக்குப் பொருந்தணும்னு, அது இதுதான். எங்க ஊருக் கூனுக்கும் அவரு கொள்கை பொருந்துது பாரு.

இதோட முடிஞ்சுதுன்னா நான் உனக்குச் சொல்லவே வேண்டியதில்ல. 1970கள்ல ஐதராபாத்துலருந்து புதுசா ஒரு சேதி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரங்க, கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், சின்னப் புள்ளைங்களுக்கு முட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கற மாதிரி கால் வளையறதக் கண்டாங்க. பழைய நோயி பெருசுங்க முதுகத்தான் புடிச்சுது, இது எப்படிப் புள்ளைங்க கால வளைக்குது? ஒரு கட்சி சொன்னது, நாகார்ஜுனசாகர் அணை வந்தப்புறம் நெலத்தடித் தண்ணி மேல ஏறி மண்ணு மாறிடுச்சு, அந்த மண்ணுல வெளஞ்ச சோளத்துல மாலிப்டினம் ஏறுது, அது உடம்புல இருக்கற செம்பை வெளிய தள்ளிடுதுன்னு. இன்னொரு கட்சி சொன்னது, அதெல்லாம் சுத்தி வளைக்கற வேலை, புள்ளைங்க தின்ற சோத்துல சுண்ணாம்புச் சத்து இல்லன்னு. ரெண்டு கட்சிக்கும் ஃப்ளோரைடு பொது. சண்டை அதோட கூட்டாளி யாருங்கறதுல.

எனக்கு எந்தக் கட்சின்னு கேக்கறியா? ரெண்டாவது. ஏன்னா நான் களி திங்கறவன். நூறு கிராம் ராகியில சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல. தீட்டுன அரிசியில அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. வயித்துல சுண்ணாம்பு இருந்தா ஃப்ளோரைடப் புடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேரறது கொறையும். ராகிய விட்டுட்டு ரேசன் அரிசிக்கு மாறுனதுதான் வெனைன்னு நான் டீக்கடையில பேசுனா கைதட்டுவாங்க. அங்கதான் நீ உசாரா இருக்கணும். இந்தக் கொள்கை என் சோத்த மெச்சுது, என் காலத்த மெச்சுது, உன் பிரியாணியத் திட்டுது. இவ்வளவு இனிப்பா இருக்கற கொள்கைய நான் எத்தன தடவ சோதிச்சுப் பாத்தேன்? ஒரு தடவகூட இல்ல. களி தின்னு வளந்த என் பல்லுலயே கறை இருக்குது, அத மட்டும் டீக்கடையில நான் சொல்றதில்ல.

இன்னொரு கூத்து கேளு. கறைப் பல்லு சொத்தையாகறதில்லன்னு மெக்கே குழம்பி நின்னாரு பாரு, அத டிரெண்ட்லி டீன்னு ஒருத்தரு புடிச்சுக்கிட்டாரு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ள இருந்தா கறை பெருசா வராது, சொத்தை கொறையும்னு ஊரு ஊரா பல்லப் பாத்துச் சொன்னாரு. 1945 ஜனவரியில மிச்சிகன்ல கிராண்ட் ரேபிட்ஸ் ஊருல குடிதண்ணியில ஃப்ளோரைடக் கலக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அங்க லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்னு அளவு வெச்சுக் கலக்கறாங்க. இங்க 1.0க்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணி இல்லன்னா 1.5 வரைக்கும் பொறுத்துக்கன்னு நம்ம தர அளவு சொல்லுது. அவன் காசு குடுத்துக் கலக்கறான், நம்ம காசு குடுத்து எடுக்கறோம். ரெண்டுக்கும் கொள்கை ஒண்ணேதான்! அளவுதான் வேற. நீ பட்டணத்துலருந்து வாங்கிட்டு வந்தியே டூத்பேஸ்ட்டு, அதுல ஃப்ளோரைடு உண்டுன்னு பெருமையா அச்சடிச்சிருக்கான். எனக்குப் போயி அதக் குடுத்தியே, உன்னையெல்லாம் என்ன சொல்றது!

இங்க ஏன் இவ்வளவு ஃப்ளோரைடுன்னு கேட்டா காலுக்குக் கீழ பாரு. எல்லாம் கருங்கல்லு, பாறை. அந்தப் பாறையில இருக்கற கனிமத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா கரையுது. சுண்ணாம்பு கம்மியா, சோடா உப்பு சாஸ்தியா இருக்கற தண்ணியில இன்னும் நல்லா கரையும். தொறந்த கெணறு மழைத்தண்ணி கலந்த கெணறு. அது வத்துனதும் நம்ம ஆளுங்க போரப் போட்டாங்க, ஆழமாப் போட்டாங்க, பாறைக்குள்ள வருசக்கணக்கா ஊறுன தண்ணிய இழுத்தாங்க. எல்லா ஆழ்துளையும் கெட்டதுன்னும் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. அதனாலதான் பாவக் கொள்கை இத்தன காலம் தாக்குப்புடிச்சுது.

கடைசியில கொழா வந்துது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், பேருலயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பக் குறைக்கறதுன்னு சேத்திருக்காங்க. 2008ல அடிக்கல்லு, ஜப்பான்காரன் கடன், கர்நாடகத்துக்காரனோட வாய்த்தகராறு, எல்லாம் தாண்டி 2013ல தண்ணி வந்துது. சுமாரா 1,928 கோடி. தண்ணிக் கொள்கைக்கு சர்க்காரு போட்ட கையெழுத்து அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவும் சேத்துப் பாத்தா, ஓக்லிக்காரன் பண்ண சோதனையவிடப் பெரிய சோதனை இங்கதான் நடக்குது. ஆனா ஒருத்தரும் அத சோதனைன்னு சொல்றதில்ல, திட்டம்னுதான் சொல்றாங்க.

நான் பஞ்சாயத்து டேங்க் ஆப்பரேட்டரா இருந்தவன், தண்ணி சங்கதி எனக்குத் தெரியும். காவிரித் தண்ணி வராத நாளு போர் மோட்டாரப் போட்டுவிட்டா ரெண்டும் ஒரே தொட்டியிலதான் விழும், ஒரே கொழாயிலதான் வரும். அந்தத் தெருவுல ஒரு புள்ளைக்குக் கறை வந்துதுன்னா கொள்கை தோத்துடுச்சுன்னு எழுதுவியா, தொட்டிய எட்டிப் பாத்துட்டு எழுதுவியா? டூயெம் சொன்ன மூட்டைய நீ லைப்ரரியில தேடுற, அது இங்க தெருமுனையில சிமெண்டுல நிக்குது.

மேல்வாய் முன்பல்லு ஆறுலருந்து ஒம்பது வயசுக்குள்ள விழுந்து மொளைக்கும். அந்தப் பல்லு உள்ளுக்குள்ள உருவாகறது பொறந்த மொத மூணு நாலு வருசத்துல. அப்ப 2013 முடிஞ்ச கையோட பொறந்த புள்ளைங்க பல்லு ஏற்கனவே வெளிய வந்து நிக்குது. உன் கேள்விக்குப் பதில் பள்ளிக்கூடத்துல மதியச் சோறு தின்னுக்கிட்டு இருக்குது, நீ மெட்ராசுல உக்காந்து தாமஸ் கூன வாசிக்கற.

நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல கெளம்பு. பென்னாகரம் பக்கம் நாலு ஊரு, அரூர் பக்கம் நாலு ஊரு போ. வாத்தியார்கிட்ட முறையா அனுமதி கேட்டு, புள்ளைங்கள ஈன்னு பல்லக் காட்டச் சொல்லு. அம்மாமாருங்ககிட்ட மூணே கேள்வி கேளு: புள்ள எங்க பொறந்துது, கைக்குழந்தையா இருந்தப்ப எந்தக் கொழாத் தண்ணி குடுத்தீங்க, காவிரித் தண்ணி வராத நாளு என்ன குடிச்சீங்க. சொல்றத அப்படியே எழுதிக்க, நடுவுல உன் கைடு பேரச் சொல்லி அவங்கள மெரட்டாத. போறதுக்கு முந்தி ஒரு காயிதத்துல, காவிரித் தண்ணியே குடிச்ச தெருவுல என்ன இருக்கும், போர்த் தண்ணி குடிச்ச தெருவுல என்ன இருக்கும்னு உன் கொள்கைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடுத்துட்டுப் போ. நீ திரும்பி வந்தப்புறம்தான் அதப் பிரிப்பேன்.